புது கார் வருகிறது: வீட்டில் இருக்கும் இரண்டு பழைய கார்களில் எதை விற்பது?

வீட்டில் ஏற்கெனவே இரண்டு கார்கள். புதிதாக ஒன்று வரப்போகிறது, அதனால் இரண்டில் ஒன்று போக வேண்டும். "பழசு போகட்டும்" என்பார் ஒருவர். "எதற்கு நல்ல விலை கிடைக்கிறதோ அதைக் கொடுப்போம்" என்பார் இன்னொருவர். இரண்டும் பாதிக் கணக்குதான். புது கார் வீட்டுக்கு வந்த மறுநாளே மிச்சமிருக்கும் காரின் வேலை மாறிவிடும். தினமும் ஓடியது வாரம் இரண்டு நாள் ஓடும். நெடுஞ்சாலையில் போனது பள்ளிக்கூடம் வரைக்கும்தான் போகும். அந்தப் புதிய வேலைக்கு எது சரிப்படுமோ அதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை விற்றுவிடுங்கள். இதுவரை எது நன்றாக உழைத்தது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புது கார் கைக்கு வரும் தேதிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். காரைச் சோதிக்க ஒரு சனி, ஞாயிறு போதும். காகித வேலைதான் இழுக்கும்.

1. இரண்டு காரின் காகிதங்களையும் மேஜையில் பரப்புங்கள்

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வீடுகளில் முடிவை எடுப்பதே காகிதம்தான். ஒவ்வொரு காருக்கும் ஒரு உறை வைத்து இவற்றைச் சேருங்கள்: பதிவுச் சான்று, நடப்புக் காப்பீடு, வரி கட்டிய ரசீது, புகை அல்லது தகுதிச் சோதனைச் சான்று, சர்வீஸ் பில்கள், வாங்கியபோது கொடுத்த விற்பனை ரசீது, இரண்டு சாவிகள்.

சிக்கல் வரும் இடங்கள் மூன்று.

முதலாவது, கடன். கடைசித் தவணையைக் கட்டிவிட்டாலே கார் முழுக்க உங்களுடையது ஆகிவிடாது. கடன் கொடுத்தவரின் பெயர் பதிவில் நீடிக்கும். முடிப்புச் சான்று வாங்கி, பதிவு அலுவலகத்தில் கொடுத்து, அந்தப் பெயரை நீக்கச் செய்ய வேண்டும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம். வாங்க வந்தவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இது தெரியவந்தால், ஒன்று அவர் போய்விடுவார், இல்லை விலையைக் குறைப்பார்.

இரண்டாவது, பெயர். கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் கையெழுத்துப் போட முடியும். இரண்டு பேர் பெயரில் இருந்தால் இருவரும் போட வேண்டும். காலமான பெற்றோரின் பெயரிலேயே கார் ஓடிக்கொண்டிருந்தால், முதலில் வாரிசு பெயருக்கு மாற்றியாக வேண்டும். அந்தக் காரை இந்த முறை விற்கும் யோசனையை விட்டுவிடலாம். ஆனால் பெயர் மாற்றும் வேலையை இன்றே தொடங்கிவிடுங்கள்.

மூன்றாவது, எண் பொருத்தம். பதிவுச் சான்றில் உள்ள 17 எழுத்து அடையாள எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த எண் பெரும்பாலும் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலோ ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ இருக்கும். அதில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வராது. சான்றில் ஓ என்று அச்சாகியிருந்தால் அது பூஜ்யத்துக்குப் பதில் வந்த பிழை. விற்கும் முன்பே திருத்திவிடுங்கள்.

2. ஒரு வாரத்துக்கு யார், எப்போது, எங்கே என்று எழுதுங்கள்

ஏழு நாளுக்கு ஒரு தாள் போதும். யார் ஓட்டினார், எத்தனை பேர் ஏறினார்கள், எவ்வளவு தூரம், எங்கே நிறுத்தினார்கள் என்று எழுதி வையுங்கள். அதன் பிறகு, புது காரை யார் எடுத்துக்கொள்வார் என்று வைத்து அதே தாளை மறுபடி நிரப்புங்கள். மிச்சம் விழும் பயணங்கள்தான் பழைய கார் செய்யப்போகும் வேலை.

அந்த மிச்சத்தை இப்படி உரசிப் பாருங்கள்:

மிச்சமாகும் காரை ஓட்டப்போவது யார்? வீட்டில் ஒருவருக்குத்தான் கையால் கியர் போட வரும் என்றால், அந்தக் கார் பாதி நாள் சும்மா நிற்கும். மூட்டு வலி உள்ள பெரியவர் ஏறி இறங்க வேண்டுமென்றால் இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். தாழ்வான செடான் அவருக்குத் தினசரி வேதனை. குழந்தை இருக்கைகள் வைக்க வேண்டுமென்றால், அவற்றை எடுத்துப்போய் இரண்டு காரிலும் மாட்டியே பாருங்கள். பின்சீட்டின் அகலத்தைக் கண்ணால் அளக்க முடியாது.

புது காரின் குணமும் இதில் சேரும். புதியது பெரிது என்றால் சின்னது இருக்கட்டும். புதியது மின்சார கார் என்றால், சார்ஜுக்கு நிற்காமல் நெடுந்தூரம் போகக்கூடியது ஒன்று இருந்தால் நல்லது. ஒரே அளவில், ஒரே வேலைக்கு இரண்டு கார்கள் மிஞ்சுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அப்படி மிஞ்சினால் அவற்றில் ஒன்று ஒரு வருடத்துக்குள் தூசி படிந்து நிற்கும்.

3. குறைவாக ஓடினால் எது தாங்கும்?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை. ஆனால் விற்றபின் வருத்தப்படுவது அதிகமும் இதனால்தான்.

டீசல் கார் நெடுந்தூரம் ஓடிய வரைக்கும் தொல்லை தராது. அதையே தினம் மூன்று கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மாற்றினால் புகைக்கரி வடிகட்டி அடைக்கத் தொடங்கும். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதற்கு வண்டி சீரான வேகத்தில் 15, 20 நிமிடமாவது ஓட வேண்டும். எரிப்பு பாதியில் நின்றால், அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் எரியாமல் எஞ்சின் ஆயிலோடு கலக்கும். ஆயில் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் காரணம் இதுவாக இருக்கலாம். ஆயில் நீர்த்துப்போனால் தேய்மானம் கூடும். மிச்சமாகும் கார் குட்டி ஓட்டம்தான் ஓடும் என்றால், வடிகட்டி உள்ள டீசல் கார் விற்பனைப் பக்கம் நகர வேண்டும், அது எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும்.

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார் மாதக்கணக்கில் நின்றால் பெரிய பேட்டரியும் மெல்ல இறங்கும். வாரம் ஒருமுறை எடுத்து ஓட்ட ஆள் இல்லை என்றால் அதை நிறுத்தி வைக்காதீர்கள்.

எளிய பெட்ரோல் எஞ்சின்தான் இந்த வாழ்க்கையை நன்றாகத் தாங்கும். அதற்கும் பேட்டரி ஒரு பலவீனம்தான். பூட்டி நிறுத்திய காரும் கடிகாரம், அலாரம், சாவியின் சிக்னலைக் கேட்கும் கருவி என்று கொஞ்சம் மின்சாரம் இழுக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது சாதாரணம். மாதம் முழுக்க நின்றால் அது 36 ஆம்பியர் மணி நேரம். சின்ன காரின் பேட்டரியில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். மின்சாரத்தை அதிகம் இழுக்கும் கார் எது என்று தெரிய, இரண்டையும் நன்றாக ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு மணி நேரம் கழித்து மல்டிமீட்டரால் அளங்கள். நான்கு நாள் தொடாமல் விட்டு மறுபடி அளங்கள். 12.6 வோல்ட் முழுச் சார்ஜ், 12.2 ஏறத்தாழப் பாதி.

4. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது சோதியுங்கள்

சூடான எஞ்சின் நோயை மறைக்கும். அதனால் முந்தின இரவே இரண்டு கார்களையும் சமதளத்தில் நிறுத்தி, அடியில் பெரிய அட்டையை விரித்துவிடுங்கள். காலையில் முதலில் அட்டையைப் பாருங்கள். பழுப்பு, கறுப்புச் சொட்டு எஞ்சின் ஆயில். சிவப்பு பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் அல்லது பவர் ஸ்டியரிங் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் வழவழவென்று இருந்தால் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். ஏசியிலிருந்து சொட்டும் வெறும் தண்ணீரைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

பானெட்டில் கை வையுங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். டிப்ஸ்டிக்கைத் துடைத்து ஆயில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு லிட்டர் இருக்கும். அடுத்த 1,000 கிலோமீட்டரில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தாலே எஞ்சினின் வயது தெரிந்துவிடும். ஆயில் மூடியின் அடியில் பால்போல் வெளிறிய கூழ் ஒட்டியிருந்தால் பதற வேண்டாம். குட்டி ஓட்டங்களில் சேரும் ஈரத்தாலும் அது வரும். கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் எஞ்சினின் தலைப்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

இப்போது ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். முதல் நொடியில் நீலப் புகை எழுந்து உடனே மறைந்தால் வால்வு சீல்கள் தேய்ந்திருக்கின்றன. அந்தக் காரோடு சில காலம் ஓட்டலாம். சூடான பிறகும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் பிஸ்டன் வளையம்வரை போயிருக்கலாம், செலவு பெரிது. வெள்ளைப் புகை குளிரில் இரண்டு நிமிடம் வருவது நீராவிதான். சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வந்தால் கூலண்ட் எரிகிறது. டீசலில் கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அளவும் காற்றும் ஒத்துப்போகவில்லை.

முன்பக்கம் வந்து காதைக் கொடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் சங்கிலி குலுங்குவதுபோல் கரகரவென்று சில நொடி கேட்டால் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் அல்லது அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது. செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் எந்தச் சத்தமும் வராது. அது சொல்லாமல் அறும், பல எஞ்சின்களில் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும். எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், எத்தனை வருடத்தில் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. குறைவாக ஓடிய காரில் வருடக் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிறகு காலியான நேர்சாலை. மூன்றாவது அல்லது நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். எஞ்சின் சுற்று சட்டென ஏறி, வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. ஆட்டோமேட்டிக் என்றால் நின்ற இடத்திலிருந்து மெல்ல நகரும்போது நடுக்கம், கியர் மாறும்போது உதைப்பு உண்டா என்று கவனியுங்கள்.

டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்பு வாரமும் வருடமும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருந்தும் டயர் பத்து வயதை எட்டியிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். துருவைப் பொறுத்தவரை கதவின் கீழ் ஓரத் துரு வெறும் அழகுப் பிரச்சினை. ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், அடிச்சட்டம் இங்கெல்லாம் ஸ்க்ரூடிரைவர் அடியால் தட்டும்போது உதிர்ந்தால் அந்தக் காரை வைத்துக்கொள்வது பற்றிய பேச்சே வேண்டாம்.

5. பாதுகாப்பை விலையோடு கலக்காதீர்கள்

ஏர்பேக் எத்தனை, சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு உண்டா, குழந்தை இருக்கைக்கான ஐசோபிக்ஸ் கொக்கிகள் உண்டா, பின்சீட்டில் நடுவில் உட்காருபவருக்கும் மூன்று முனைப் பெல்ட் உண்டா என்று இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

அந்த 17 எழுத்து எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, திரும்பப்பெறும் அறிவிப்பு நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏர்பேக் தயாரித்த டகாட்டா நிறுவனத்தின் விவகாரத்தில் பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான கார்கள் சிக்கின. அமோனியம் நைட்ரேட் நிரப்பிய ஊதுகருவி வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளை வீசியது. இப்படிப்பட்ட பழுதைத் தயாரிப்பாளர் இலவசமாகச் சரிசெய்து தருவார். விற்றாலும் வைத்துக்கொண்டாலும் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு இருப்பதிலேயே பழைய காரைக் கொடுக்கும் வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. கீறல் விழுந்தால் பரவாயில்லை என்ற எண்ணம் தகரத்தைக் காப்பாற்றும். விபத்துக்கு அதிக வாய்ப்புள்ளவர் குறைந்த பாதுகாப்பில் ஓட்ட நேரும்.

6. அடுத்த 24 மாதக் கணக்கு

ஒவ்வொரு காரையும் இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்ள என்ன ஆகும்? பணத்தை வெறும் அலகுகளாக வைத்து ஓர் உதாரணம் பார்க்கலாம்.

14 வயதுச் சின்ன கார்: இன்றைய விலை 20, இரண்டு வருடம் கழித்து 14. மதிப்பிழப்பு 6. டைமிங் பெல்ட்டும் கூடவே வாட்டர் பம்ப்பும் 4, டயர் 4, வழக்கமான சர்வீஸ் 6, எதிர்பாராத செலவு 5, காப்பீடும் வரியும் 4. மொத்தம் 29.

7 வயதுப் பெரிய கார்: இன்று 60, பிறகு 44. மதிப்பிழப்பு 16. சர்வீஸ் 8, கிளட்ச் 7, எதிர்பாராதது 4, காப்பீடும் வரியும் 7, சின்ன காரைவிட அதிகமாகக் குடிக்கும் எரிபொருள் 5. மொத்தம் 47.

வித்தியாசம் 18. பெரியதை விற்றால் கையில் 40 அலகு கூடுதலாக வரும். புது காருக்கான கடன் அந்த அளவு குறையும். ஆண்டு வட்டி 9 சதவீதம் என்றால் இரண்டு வருடத்தில் ஏறத்தாழ 7 அலகு மிச்சம். ஆக, பெரிய காரை வைத்துக்கொள்ள 25 அலகு கூடுதல் விலை கொடுக்கிறீர்கள். இரண்டாம் படியில் எழுதிய தாளை எடுத்து, புது காரும் சின்ன காரும் சேர்ந்து செய்ய முடியாத எந்தப் பயணத்துக்காக இந்த 25 என்று கேளுங்கள். பதில் இருந்தால் கொடுக்கலாம். இல்லையென்றால், வயதில் இளையதுதான் போக வேண்டிய கார்.

இந்தக் கணக்கில் இரண்டு பொறிகள். மதிப்பிழப்பையும் எழுதிவிட்டு விற்பனை விலையையும் முழுசாகச் சேர்த்தால் ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். மேலே வட்டியை மட்டும் சேர்த்தது அதனால்தான். இன்னொன்று, "போன மாதம்தான் அவ்வளவு செலவழித்தோம், இப்போது எப்படி விற்பது" என்ற பேச்சு. செலவழித்த தொகையைக் கணக்கில் எங்கும் எழுதக் கூடாது. ஆனால் மாற்றிய புது கிளட்ச் அடுத்த இரண்டு வருடச் செலவைக் குறைக்கும், அதை மட்டும் எழுதுங்கள்.

7. விலை கேட்கும் ஒழுங்கு

புது கார் விற்பவரிடம் பழைய காரைப் பற்றி வாயே திறக்காமல் முதலில் புது காரின் முழு விலையைத் தள்ளுபடியோடு எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகுதான் எக்ஸ்சேஞ்ச். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் பழைய காருக்கு நல்ல விலை சொல்லிவிட்டுப் புது காரின் தள்ளுபடியில் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டு பழைய கார்களுக்கும் விலை கேளுங்கள், விற்க நினைக்கும் ஒன்றுக்கு மட்டுமல்ல. எக்ஸ்சேஞ்ச், பழைய கார் வியாபாரி, நேரடியாக வாங்குபவர் என்று காருக்கு மூன்று விலைகள் இருந்தால் ஆறாம் படியில் போட்ட எண்கள் ஊகமாக இருக்காது. சொன்ன விலை எந்தத் தேதிவரை என்றும் எழுதி வாங்குங்கள். புது கார் வருவது தள்ளிப்போனால் பழைய காரின் விலையையும் மறுபடி பேசுவார்கள்.

8. விற்கும் காரில் எதைச் சரிசெய்வது

பல்பு, வைப்பர், தொலைந்த வீல் கப், உள்ளே வெளியே சுத்தம், பழைய பேட்டரி: செய்யுங்கள். கிளட்ச், முழுப் பெயிண்ட், புது டயர் நான்கு: வேண்டாம், போட்ட பணம் அப்படியே திரும்பாது. பழுதைச் சொல்லி விலையில் கழித்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

எச்சரிக்கை விளக்கை ஸ்கேனரால் அழித்துவிட்டுக் காட்டுவது பெரிய தவறு. அழித்ததும் காரின் சுயசோதனைப் பதிவுகளும் இன்னும் முழுமையடையாத நிலைக்குப் போய்விடும். வாங்க வருபவர் சின்ன ஸ்கேனரைச் செருகினாலே அது தெரிந்துவிடும், அதோடு மற்ற எதையும் நம்ப மாட்டார்.

9. கைமாற்றும் நாள்

புது கார் வீட்டு வாசலில் நிற்காமல் பழையதைக் கொடுக்காதீர்கள். இரண்டு வாரம் மூன்று கார்களையும் நிறுத்த இடம் தேடுவதும், கூடுதல் காப்பீடும் தாங்கக்கூடிய செலவு. பழையதைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் வாடகை கார் எடுப்பது அப்படியல்ல.

கொடுக்கும் முன் காரின் திரையிலிருந்து கைபேசிகளையும், வரைபடத்தில் உள்ள வீட்டு முகவரியையும் அழியுங்கள். காரைத் திறக்கும் செயலி இருந்தால் உங்கள் கணக்கிலிருந்து அந்தக் காரை நீக்குங்கள். சுங்கக் கட்டண ஒட்டி, கேமரா அட்டை, வீட்டுக் கதவு ரிமோட் மூன்றும் மறந்துபோகும் பொருள்கள்.

பணம் கணக்கில் ஏறியதை உங்கள் பக்கத்தில் பார்த்த பிறகே சாவி. தேதி, மணி, ஓடோமீட்டர் எண் மூன்றும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட தாளை இரண்டு பிரதி எடுங்கள். மாலையில் அந்தக் கார் சிக்னலைத் தாண்டினால் அபராதம் யாருக்கு என்பதை அந்த மணிதான் சொல்லும்.

பெயர் மாற்ற விண்ணப்பத்தை வாங்கியவரிடம் விட்டுவிடாமல் கூடவே போய்க் கொடுங்கள். பதிவு மாறும்வரை விபத்தோ அபராதமோ உங்கள் பெயரைத் தேடி வரலாம். அதனால் காப்பீட்டையும் அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். பெயர் மாறிய சான்றின் நகல் கைக்கு வந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, மிச்சமுள்ள மாதங்களுக்குப் பணம் திரும்புமா, இதுவரை காப்பீட்டுப் பணம் கோராததற்கான தள்ளுபடியைப் புது காருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மாற்ற முடியும் என்றால் அந்தத் தள்ளுபடிச் சான்றுக்கு ஒரு கெடு இருக்கும். அந்தத் தேதியைப் புது காரின் காப்பீட்டு உறைமேலேயே எழுதி வையுங்கள்.